வந்தவர்க்கு ஓர் இருக்கை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் "அயல் இலக்கியத்தில் புதியவர்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். யான் யூத மரபை எடுத்துக்கொண்டேன். கும்மிடிப்பூண்டியில் யூதரைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். யூதர் இங்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் புதியவரை எவ்வாறு ஏற்பது என்னும் வினா இவ்வூரின் அன்றாட வினா. சிப்காட் தொழிற்சாலைகளின் வாயிலில் மாலையில் ஒரு நாழிகை நின்றால் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் செவியில் விழும். சாலையின் மறுபுறம் தெலுங்கு. 1990 முதல் இங்கே ஈழத்து அகதியர் முகாம் இருக்கின்றது. வந்தவர்களால் ஆன ஊர் இது. அந்த வினாவை மூவாயிரம் ஆண்டு நினைவுள்ள ஓர் இனம் எவ்வாறு எதிர்கொண்டது, எங்கே வென்றது, எங்கே வழுக்கியது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

முதலில் இரு சொற்களைப் பார்ப்போம். தமிழில் "விருந்து" என்னும் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் புதுவதாகச் செய்யப்படும் யாப்பினையே "விருந்து" என்னும் பெயரால் வகுக்கின்றார். வந்தவரிடத்தில் நம் முன்னோர் முதலிற் கண்டது புதுமையை. எபிரேய மொழியில் இதற்கு இணையான சொல் "கேர்". அதன் வேர் "தங்குதல்" என்னும் வினை. வேற்றிடத்திலிருந்து வந்து நம்மிடையே தங்கி வாழ்பவர் என்பது பொருள். பிற்காலத்தில் யூத நெறியைத் தழுவியவர்க்கும் அதுவே பெயராயிற்று. ஒரு சொல் வந்தவரின் புதுமையை நோக்குகின்றது. மற்றொன்று அவர் தங்குவதை நோக்குகின்றது. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்னும் பழமொழி நமக்குண்டு. நான்காம் நாள் வந்தவர் யார்? இதுவே இன்றைய என் பேச்சின் வினா.

யூத மறைநூலாகிய தோரா, அயலாரை ஒடுக்காதே, அவரிடம் அன்பு செய் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்துகின்றது. 36 இடங்களில் என்று தால்முத் நூலின் அறிஞர் கணக்கிடுகின்றனர். அதற்கு மறைநூல் கூறும் காரணம் எளியது. எகிப்தில் நீங்களும் அயலாராய் இருந்தீர்கள், அயலாரின் நெஞ்சம் உங்களுக்குத் தெரியும் என்பதே அது. அறம் இங்கே கருணையிலிருந்து அன்று, நினைவிலிருந்து பிறக்கின்றது.

கலப்பு மணமும் இம்மரபுக்குப் புதிதன்று. யோசேப்பு எகிப்தியக் குருவின் மகளாகிய ஆஸ்நாத்தை மணந்தார். அவர்களின் மக்கள் எப்பிராயீமும் மனாசேயும். இன்றளவும் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் விளக்கு ஏற்றியபின், யூதத் தந்தை தம் ஆண்மக்களின் தலைமேல் கை வைத்து அவ்விருவரைப்போல் ஆகுக என்று வாழ்த்துகின்றார். அயல் தாயின் வயிற்றில் பிறந்தவர்களே வாழ்த்துக்குரிய முன்மாதிரி! மோசேயின் மனைவி சிப்போராள் மீதியான் நாட்டவள். தாவீது அரசரின் கொள்ளுப்பாட்டி ரூத்தோ மோவாபு நாட்டவள்.

கவிஞர்கள் கூடிய அவையில் ரூத்தின் கதையைச் சற்று நின்று நோக்குதல் தகும். நான்கே அதிகாரம் கொண்ட சிறு நூல் அது. கணவனை இழந்த மருமகள், எல்லாம் இழந்து சொந்த ஊர் திரும்பும் மாமியார் நகோமியோடு புறப்படுகின்றாள். திரும்பிப் போ என்று மாமியார் மீண்டும் மீண்டும் தடுக்கின்றாள். ரூத் மறுக்கின்றாள். அவள் தரும் உறுதிமொழியில் ஒரு வரிசைமுறை உண்டு. மாமியாரின் மக்களை முதலில் தன் மக்களாக ஏற்கின்றாள். அவள் இறைவனை அதன்பின் ஏற்கின்றாள். ஒரு நெறிக்குள் நுழைகின்ற பலர் கோட்பாட்டின் வழியாக நுழைவதில்லை, ஒரு மனிதரின் கையைப் பற்றியே நுழைகின்றனர் என்பதை அந்நூலாசிரியர் அறிந்திருந்தார்.

அதைவிட நுட்பமான செய்தி ஒன்றுண்டு. இவ்வளவு உறுதி கூறிய பின்னும் அந்நூல் அவளை "மோவாபியப் பெண்" என்றே அழைக்கின்றது. வயலில் கதிர் பொறுக்குகின்றபோது, யார் இவள் என்று போவாஸ் வினவ, நகோமியோடு வந்த மோவாபியப் பெண் என்கின்றான் மேற்பார்வையாளன், பெயரைச் சொல்லவில்லை. ஊர்வாயிலில் மணத்தை அறிவிக்கும் போவாஸும் அந்த அடைமொழியைச் சேர்த்தே சொல்கின்றார். திருமணம் முடிந்த தொடரில் அவள் வெறும் ரூத்தாக நிற்கின்றாள். அடைமொழி உதிரும் அந்த ஒரு தொடரே அந்நூலின் உச்சம் என்று யான் கருதுகின்றேன்.

இத்தகைய மரபு பின்னர் வாயிலில் ஏன் தயங்கி நின்றது? இதை நேர்மையாக ஆராய்தல் வேண்டும். யூத நெறி பிறரைத் தன்பால் இழுப்பதில்லை. நல்லொழுக்கமுடைய பிற இனத்தவர்க்கும் மறுமையில் பங்குண்டு என்று அதன் பழம் அறிஞரே கூறியிருத்தலின், மதம் மாற்றிக் கடைத்தேற்றும் தேவை அதற்கு இல்லை. மேலும் 4ஆம் நூற்றாண்டிலிருந்தே உரோமப் பேரரசின் சட்டங்கள் யூத நெறிக்கு மாறுவதைத் தண்டித்தன. வருபவரை ஏற்றால் வீடே எரியும் என்னும் அச்சம் தலைமுறை தலைமுறையாகப் படிந்தது. எனவே, வருபவரை மும்முறை திருப்பி அனுப்பிப் பார்த்து, உறுதியோடு நிற்பவரை ஏற்பது வழக்கமாயிற்று. பிறகு கல்வி, மூவர் கொண்ட அறமன்றத்தின் முன் உறுதிமொழி, ஆடவர்க்கு விருத்தசேதனம், "மிக்வே" எனப்படும் நீர்நிலையில் முழுக்கு ஆகியன உண்டு.

தால்முத் நூலில் இருவர் வருகின்றனர். தோரா முழுவதையும் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்தில் கற்பிக்குமாறு கேட்டு வந்த அயலாரைச் சம்மாய் என்பவர் கையிலிருந்த கட்டடக்காரரின் அளவுகோலால் விரட்டினார். இல்லேல் என்பவரோ, தனக்கு வெறுப்பானதைப் பிறர்க்குச் செய்யாமையே அதன் சாரம் எனக் கூறி, போய்க் கற்றுக்கொள் என்றும் பணித்தார். இல்லேல் தரத்தைக் குறைக்கவில்லை. கல்வியை வாயிலுக்கு வெளியே வைக்காமல் உள்ளே வைத்தார். வேறுபாடு அவ்வளவே.

அவையோரே, இனி நம் நிலத்திற்கு வருவோம். கொச்சி யூதர்களிடம் ஒரு செப்பேடு உண்டு. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்பவர்க்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து; மொழி தமிழின் சாயல் நீங்காத பழைய மொழி. யூதரை வரவேற்ற ஆவணம் நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய மொழியில் இருக்கின்றது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். அவர்களின் வழியினரும் பிற நாட்டு யூதரும் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் தந்தார். 1568இல் அங்கே எழுந்த தொழுகைக் கூடத்தின் பெயர் "பரதேசி" தொழுகைக் கூடம். அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதையே பெயராகச் சூடிக்கொண்ட கூட்டம் அது. இனி யான் சொல்வதன் துயரத்தை அந்தப் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டுகின்றேன்.

அந்தச் செல்வக் குடும்பங்களில் ஏவலராகவும் அடிமைகளாகவும் இருந்தவர் பலர் யூத நெறிக்கு வந்தனர். பின்னர் விடுதலையும் பெற்றனர். எபிரேயத்தில் அவர்கள் "மெசுக்ரரிம்", அதாவது விடுவிக்கப்பட்டவர். நெறிப்படி அவர்கள் முழு யூதர். ஆனால் பரதேசித் தொழுகைக் கூடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை. முன்கூடத்தின் தரையிலோ வெளியிலோ அமர வேண்டும். தோரா ஓதும் சிறப்பில் சம உரிமை இல்லை. மணவுறவு இல்லை. அவர்களுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்த மலபார் யூதரோடும் பரதேசியர் மணவுறவு கொள்ளவில்லை. நம் சாதிமுறையின் நிழல் அந்தக் கூடத்திலும் விழுந்தது. அந்தக் குற்றத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு கொச்சியிலிருந்து எகிப்துக்குச் சென்றது. தூய வழியினர் என்போர் பிறரை அடிமை வழியினர் எனக் கூறி மணவுறவு மறுக்கின்றனர், முறை யாது என்பது வினா. அக்காலத்தின் பேரறிஞர் ரபி தாவீது இபின் அபி சிம்ரா, முறைப்படி முழுக்கு நடந்தபின் அவர்கள் யூதச் சமூகத்துக்குள் மணக்கத் தக்கவரே என்று தீர்ப்புக் கூறினார். தீர்ப்பு வந்தது. வழக்கம் மாறவில்லை. ஏறத்தாழ 400 ஆண்டுகள் மாறவில்லை.

மாற்ற முனைந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). விடுவிக்கப்பட்டவர் வழியில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, வழக்கறிஞராகி, கொச்சிச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே கொண்டு சென்றவர். "யூத காந்தி" என்று அவரை அழைத்தனர். அவர் கூடத்தை இடிக்கக் கிளம்பவில்லை. வேறு நெறிக்கு மாறவும் இல்லை. தம் வீட்டில் தமக்குரிய இருக்கையைக் கேட்டார். விதிகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

ஆயினும் இறுதித் தடை மணமே. சேலம் அவர்களின் மகன் பால்ஃபோர் பரதேசிக் குடும்பம் ஒன்றின் பெண்ணை விரும்பினார். இருவரும் யூதரே. எனினும் கொச்சியில் அம்மணம் நடைபெற இயலவில்லை. 1950இல் பம்பாயில் நடந்தது. இணையர் திரும்பி வந்து தொழுகைக்குச் சென்றபோது, பெண்கள் மாடத்தில் இருந்தவர்கள் எழுந்து வெளியேறினர் என்பது வரலாறு. ஒரே வேதம், ஒரே இறைவன், ஒரே வீதி, இருந்தும் வெளியேறினர்.

இன்று அந்தக் கூடத்தைக் காணச் செல்வோர் பலர். நீல ஓவியங்கள் தீட்டிய சீன ஓடுகளையும் சர விளக்குகளையும் கண்டு வியக்கின்றனர். கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத முறை. உள்ளூர் யூதரைக் கொண்டு பத்துப் பேர் சேராமற் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. பயணியராக வரும் யூதரைச் சேர்த்தே எண்ணவேண்டிய நிலை. 1948க்குப் பின் இசுரேலுக்குக் குடிபெயர்ந்ததே இதற்கு முதன்மைக் காரணம். அதை மறைத்தல் தகாது. ஆனால் மணம் கொள்ள ஆளின்றி அச்சிறு சமூகத்தில் பலர் தனித்தே முதுமை எய்தினர் என்பதும் உண்மை. தரையில் அமர்த்தியவர்களை எண்ணிக்கையில் சேர்க்கத் தயங்கிய கூடம், எண்ணுவதற்கு ஆளின்றி நிற்கின்றது.

சென்னையிலும் ஒரு கதை உண்டு. இங்கிருந்து மின்தொடர் வண்டியில் சென்று சேரும் பழைய நகரில் பவழக்காரத் தெரு என ஒன்று இருக்கின்றது. பவழமும் வைரமும் வாணிகம் செய்த யூதர்களை நினைவூட்டும் பெயர் அது. அவர்களில் ஒருவர் ஜாக் தெ பைவா, 1687இல் மறைந்தார். அவர் துணைவி ஹியரோனிமா பின்னர் கோட்டையின் ஆளுநராகிய எலிஹு யேல் அவர்களோடு வாழ்ந்தார். அவர் ஆங்கிலேயக் கிறித்தவர். இங்கிலாந்துக்குச் சென்ற மனைவியும் அவர்க்கு உண்டு. சார்லஸ் என்றொரு மகன் பிறந்தான். அவன் 1712இல் தென்னாப்பிரிக்காவில் மறைந்தான். யேல் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் விளங்குகின்றது. ஹியரோனிமாவின் உறவுக்குத் திருமணம் என்னும் பெயரும் கிட்டவில்லை.

அக்காலம் போகட்டும். இந்தியாவின் 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். அதன்படி மணப்போர் தாம் இந்து, கிறித்தவர், இசுலாமியர், யூதர் முதலிய எந்த நெறியையும் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தல் வேண்டும். வாயில் திறந்திருந்தது, செருப்போடு நெறியையும் கழற்றி வெளியே விட்டு நுழையச் சொன்னது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அந்நிபந்தனையை நீக்கிற்று. இருவரும் தத்தம் நெறியிலேயே நின்று இல்லறம் தொடங்கலாம். ஆனால் சட்டம் மணத்தைப் பதிவு செய்யும். பண்டிகை நாளில் இலை போட்டு உட்கார வைக்காது. அது சமூகத்தின் வேலை.

யூதச் சமூகங்கள் இவ்வேலையைப் பல வகையில் செய்கின்றன. வைதிக மரபினர் பிற நெறியாரோடான மணத்தைத் தம் சடங்கால் நடத்துவதில்லை. தாய் யூதராயின் மட்டுமே பிள்ளை யூதர் என்பர். அமெரிக்கச் சீர்திருத்த மரபினரோ வேறு வழி கண்டனர். 1978இல் ரபி அலெக்சாண்டர் சிண்ட்லர், கலப்பு மணம் செய்தோரைத் துக்கம் காத்து விலக்குவதை விடுத்துக் கதவைத் திறந்து அழைப்போம் என வேண்டினார். 1983இல் அம்மரபின் ரபிகள் அவை, தந்தை மட்டும் யூதராயினும் யூதராக வளர்க்கப்படும் பிள்ளையை யூதராக ஏற்றது. நம் நாட்டில், 1925லேயே மருத்துவர் ஜெருஷா ஜிராத் பம்பாயில் யூதச் சமய ஒன்றியத்தைத் தொடங்கி முற்போக்கு வழிபாட்டிற்கு இடம் அமைத்தார். எது சரி என்று தீர்ப்பளிக்க யான் யூதன் அல்லன். வைதிகரின் அச்சத்திற்கும் காரணம் உண்டு: சிறிய விளக்கு காற்றுக்கு அஞ்சும். ஆனால் விலக்கினால் பிள்ளைகளை இழப்பது உறுதி. அழைத்தால் இருக்கவும் கூடும் என்னும் வாதம் வலியது.

புதிதாக நாடி வருவோரும் நம் அருகிலேயே உள்ளனர். இதே நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் குண்டூர்ப் பகுதி. அங்கே கொத்தரெட்டிப்பாளையத்தில் தெலுங்கு பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர், கிறித்தவத்திலிருந்து விலகி, தம்மை "பெனே எப்ராயீம்" என்று அழைத்துக்கொண்டு ஓய்வுநாளைக் காத்து எபிரேயம் பயில்கின்றனர். மணிப்பூரிலும் மிசோரமிலும் "பெனே மெனாசே" மக்கள். இவர்களுக்கு 2005இல் இசுரேலின் தலைமை ரபி ஒருவர் ஏற்பு வழங்கினார். எனினும் முறைப்படி நெறிமாற்றச் சடங்கும் உண்டு. இரு குழுவினரும் தேர்ந்த பெயர்களைக் கவனியுங்கள். எகிப்தியத் தாயின் மக்களாகிய எப்பிராயீமும் மனாசேயுமே அவர்கள். பல தலைமுறையாக யூதராய் வாழ்ந்த கொங்கணக் கரையின் பெனே இசுரேலரைக்கூட 1962இல் இசுரேலின் ரபிகள் ஐயுற்று, மணத்திற்கு முன் முன்னோரை ஆராயப் பணித்தனர். பெரும் போராட்டத்தின்பின் 1964இல்தான் அவர்களின் சமநிலை உறுதியாயிற்று.

இவையனைத்தையும் கூட்டிப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். வரவேற்பில் மூன்று இடங்கள் உண்டு: வாயில், திண்ணை, இருக்கை. நம் முன்னோர் திண்ணை கட்டியது பெருந்தன்மை. வழிப்போக்கர் பெயர் சொல்லாமல் படுத்துறங்கலாம். ஆனால் ஓரிரவுக்கு அறமாகிய திண்ணை, ஓர் ஆயுளுக்கு அவமதிப்பு. கொச்சியின் முன்கூடம் அத்தகைய திண்ணையே. கதவை அடைப்பவனைக் காட்டிலும், உள்ளே அழைத்துத் திண்ணையிலேயே வைத்திருப்பவன் தன்னை நல்லவன் என்று நம்பிக்கொள்ள எளிது.

இதை உணர்ந்த யூத அறிஞர் ஓர் அரிய விதி செய்தனர். நெறிக்குள் வந்தவரிடம் அவருடைய பழைய வழியைச் சுட்டிப் பேசலாகாது என்பது மிஷ்னா நூலின் கட்டளை. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்னும் புதியவர், "எம் முன்னோரின் இறைவன்" என்று யானும் தொழலாமா என வினவியபோது, பேரறிஞர் மைமோனிடீஸ், ஆம், ஒரு சொல்லும் மாற்றாமல் தொழுக என்று எழுதினார். ஆபிரகாமே வந்தவர் அனைவர்க்கும் தந்தை என்பது அவர் காட்டிய நியாயம். இருக்கை தருதல் என்பது இதுதான்: "எம்" என்னும் சொல்லைப் பங்கிட்டுக் கொடுத்தல்.

இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் கவியரங்கில் ஓர் இளைஞரை அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. "முகாமிலிருந்து வந்திருக்கும் கவிஞர்" என்று அன்போடுதான் சொன்னேன். நீங்களும் மற்றவர்க்குத் தட்டியதைவிடச் சற்று உரக்கவே கைதட்டினீர்கள். அவர் பாடிய கவிதையோ மழைக்காலத்துப் பழவேற்காட்டு ஏரியைப் பற்றியது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அவர் என்னருகே வந்து, "ஐயா, நான் பிறந்தது இங்கதான். பொன்னேரி ஆஸ்பத்திரியில" என்றார். குரலில் சினம் இல்லை. அதனால்தான் இன்றும் அது என்னை விட்டு நீங்கவில்லை.

வயலின் மேற்பார்வையாளன் ரூத்தைப் பெயர் சொல்லாமல் அறிமுகம் செய்ததைப் படிக்கும்போதெல்லாம் என் குரலே எனக்குக் கேட்கின்றது. அந்த இளைஞர் இன்றும் இந்த அவையில், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அடுத்த கவியரங்கத்திற்கு அவரைத் தலைமை ஏற்க வேண்டுமெனப் பொறுப்பாளர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கின்றேன். அறிமுகவுரையில் அவர் பெயரையும் அவர் கவிதை நூலின் பெயரையும் மட்டும் சொன்னால் போதும்.